பழைய விடை ஏன் வந்தது? நிரலை இயக்கும் ஸ்கிரிப்டைச் சீரமைத்தல்

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலின் 14-ஆவது பாடம், பதினோராம் வகுப்பில் படித்த சி++ நிரலைப் பைத்தான் மூலம் இயக்கிக் காட்டுகிறது. மாணவர்கள் இந்தப் பாடத்தை விரும்புகிறார்கள். இரண்டு ஆண்டுகளில் தனித்தனியாகப் படித்த இரண்டு மொழிகள் ஒரே திரையில் கைகோத்து வேலை செய்வதை அவர்கள் இங்குதான் முதலில் பார்க்கிறார்கள்.

அந்தப் பாடத்தின் நடுவே ஏறத்தாழ இருபது வரிகளில் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் வருகிறது. கட்டளை வரியில் கொடுத்த கோப்பின் பெயரை அது வாங்கிக்கொள்கிறது. அந்தப் பெயருடன் சி++ கோப்பின் பின்னொட்டையும் இயங்கு கோப்பின் பின்னொட்டையும் சேர்க்கிறது. பிறகு ஜி++ நிரல்பெயர்ப்பியை அழைத்து நிரலைப் பெயர்க்கச் சொல்கிறது. கடைசியாக, உருவான இயங்கு கோப்பை இயக்குகிறது. நிரலைப் பெயர்ப்பது, இயக்குவது, விடையைச் சரிபார்ப்பது ஆகியவற்றை மனிதக் கை படாமல் வரிசையாகச் செய்யும் இத்தகைய ஸ்கிரிப்டுகளை வைத்துத்தான் மென்பொருள் நிறுவனங்கள் தினமும் இயங்குகின்றன. அந்தத் தொழிலின் முதல் பாடம் நம் அரசுப் பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது.

ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழியின் நிரலை அழைக்க முடியும் என்பதைச் சுருக்கமாகக் காட்டுவதே பாடநூலில் அந்த ஸ்கிரிப்டின் வேலை. அதை அது சரியாகச் செய்கிறது. ஆனால் ஆய்வகத்தில் மாணவர்கள் அதை அன்றாடக் கருவியாகப் பயன்படுத்தத் தொடங்கும்போது, அதைக் கொஞ்சம் சீரமைக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சீரமைப்பையே நான்கு பாடவேளைகளுக்கான கற்றல் செயல்பாடாக ஆக்கலாம் என்பது என் அனுபவம்.

ஆய்வகத்தில் நடந்தது

புதுக்கோட்டை மாவட்டத்தில் கிராமப்புற மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பணியாற்றுகிறேன். வீட்டில் கணினி உள்ள மாணவர்கள் இங்கு மிகக் குறைவு. ஆய்வகத்தில் கிடைக்கும் நேரம்தான் அவர்களுக்கு எல்லாம்.

ஒரு மாணவி, கொடுத்த எண் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் நிரலை எழுதியிருந்தார். 121 கொடுத்தால் 'ஆம்' என்று வர வேண்டும். 'இல்லை' என்று வந்தது. காரணத்தை அவரே கண்டுபிடித்தார். எண்ணைத் திருப்பிப் போடும் மடக்கில், ஒவ்வொரு இலக்கமாகக் கழன்று, மூல எண்ணை வைத்திருந்த மாறி கடைசியில் 0 ஆகிவிடுகிறது. பிறகு 0-ஐயும் 121-ஐயும் ஒப்பிட்டால் எப்படிப் பொருந்தும்? மடக்கு தொடங்கும் முன்பே மூல எண்ணை இன்னொரு மாறியில் எடுத்து வைக்க ஒரு வரி சேர்த்தார். மிகச் சரியான திருத்தம். ஆனால் அந்த வரியின் முடிவில் அரைப்புள்ளி விடுபட்டிருந்தது.

ஸ்கிரிப்டை இயக்கினார். நிரல்பெயர்ப்பி பிழையைச் சொன்னது. புதிய இயங்கு கோப்பு உருவாகவில்லை. ஆனால் ஸ்கிரிப்ட் அங்கே நிற்கவில்லை. அடுத்த வரிக்குப் போய், கோப்புறையில் கிடந்த பழைய இயங்கு கோப்பை இயக்கியது. அது எண்ணைக் கேட்டது, 121 கொடுத்தார், மறுபடியும் 'இல்லை'. பிழைச்செய்தி திரையின் மேல்பகுதிக்குப் போய்விட்டது. மாணவர்கள் கண் எப்போதும் கடைசி வரியில்தான் இருக்கும். தன் திருத்தம்தான் தவறு என்று முடிவு செய்து, சரியாக எழுதிய அந்த வரியை அழித்துவிட்டு, வேறெங்கோ கை வைக்கத் தொடங்கினார். அரை மணி நேரத்துக்குப் பிறகு, "எனக்கு இது வராது சார்" என்றார்.

இதில் அரைப்புள்ளி பெரிய விஷயம் இல்லை. எந்த நிரலரும் தினமும் விடுவதுதான் அது. சரியாகச் சிந்தித்த ஒரு பிள்ளையிடம் 'நீ நினைத்தது தவறு' என்று கருவி சொல்லிவிட்டது என்பதுதான் பெரிய விஷயம். இன்று சமைத்தது கருகிப்போக, நேற்றைய சாம்பாரை ஊற்றிக் கொடுத்து, 'உப்பு சரியில்லை' என்று இன்று சமைத்தவரைக் குறை சொன்னால் எப்படி இருக்கும்? அதுபோன்றதுதான் இது.

1976-இல் இதே கதை

இந்தச் சிக்கல் பள்ளி ஆய்வகத்துக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1976-இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்ற கருவியை எழுதினார். அது பிறந்த கதையை அவரே சொல்லியிருக்கிறார். உடன் பணியாற்றிய ஸ்டீவ் ஜான்சன் ஒரு நாள் கோபத்தோடு அவர் அறைக்குள் வந்தார். நிரலில் இருந்த பிழையை ஜான்சன் ஏற்கெனவே திருத்திவிட்டார். ஆனால் திருத்திய கோப்பைப் பெயர்க்க விட்டுப்போனது. அதனால் சரியான நிரல் ஒன்றில் இல்லாத பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுது முழுவதும் வீணானது. 'யாக்' என்னும் புகழ்பெற்ற நிரல்கருவியை உருவாக்கியவர் ஜான்சன். அவருக்கே அப்படி நேர்ந்தது என்று சொன்னால், நம் மாணவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

மேக் செய்வது எளிமையான வேலை. மூலக் கோப்பு கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, அதிலிருந்து உருவான கோப்பு எப்போது உருவானது என்று இரண்டு நேரங்களையும் ஒப்பிடும். மூலம் புதியதாக இருந்தால் மட்டும் மறுபடி பெயர்க்கும். இடையில் ஒரு கட்டளை தோற்றால் அங்கேயே நின்றுவிடும். இந்தக் கருவிக்காக ஃபெல்ட்மனுக்கு 2003-ஆம் ஆண்டுக்கான ஏசிஎம் மென்பொருள் அமைப்பு விருது கிடைத்தது. இன்றும் உலகெங்கும் மேக் பயன்பாட்டில் இருக்கிறது.

அதே கருவியில் சீரமைப்புக்கும் ஒரு பாடம் உண்டு. மேக் கோப்பில் கட்டளை வரிகள் 'டேப்' விசையால் விடும் இடைவெளியுடன்தான் தொடங்க வேண்டும். சாதாரண இடைவெளி விட்டால் ஏற்காது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் புதியவர்கள் திணறுவார்கள். இதை மாற்ற ஃபெல்ட்மன் எண்ணியபோது, அந்தக் கருவியை ஏறத்தாழ ஒரு டஜன் பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குச் சிரமம் தர வேண்டாம் என்று விட்டுவிட்டார். அந்த டஜன் பேருக்காக விட்டது இத்தனை ஆண்டுகளாக உலகத்தையே தொடர்கிறது. சீரமைப்பைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

சீரமைப்பு: ஐந்து படிகள்

சீரமைக்கும்போது ஒரு விதியை மாணவர்கள் மனதில் பதிய வைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இயக்கிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினால், எது கெட்டது என்று தெரியாமல் போகும்.

*முதல் படி: பழையதை அகற்று.* பெயர்க்கத் தொடங்கும் முன், பழைய இயங்கு கோப்பு இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் பார்க்க வேண்டும். இருந்தால் அழிக்க வேண்டும். இல்லாத கோப்பை அழிக்கச் சொன்னால் பைத்தான் பிழை காட்டும். எனவே 'இருந்தால்' என்ற நிபந்தனை அவசியம். விண்டோஸ் கணினியில், முடிவில்லா மடக்கில் சிக்கிய பழைய நிரல் வேறொரு சாளரத்தில் ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கோப்பை அழிக்க முடியாது. 'அனுமதி இல்லை' என்ற செய்தி வரும். அந்தச் சாளரத்தை மூடினால் சரியாகிவிடும்.

*இரண்டாம் படி: வெற்றியா தோல்வியா என்று கேள்.* இயக்க அமைப்புக்குக் கட்டளை அனுப்பும் 'சிஸ்டம்' செயற்கூறு ஒரு எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. அது 0 என்றால் வெற்றி. வேறு எந்த எண் என்றாலும் தோல்வி. நூற்றுக்கு நூறு வாங்கிப் பழகிய பிள்ளைகளுக்கு 0 எப்படி வெற்றியாகும் என்ற கேள்வி எழும். 'பிழைகளின் எண்ணிக்கை 0' என்று நினைத்துக்கொள்ளச் சொன்னால் மறக்க மாட்டார்கள். வெற்றிக்கு ஒரு வழிதான். தோல்விக்குக் காரணங்கள் பல. அதனால்தான் மற்ற எண்கள் எல்லாம் தோல்விக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. பாடநூல் ஸ்கிரிப்ட் இந்த எண்ணை எங்கும் வாங்கி வைப்பதில்லை. அதை ஒரு மாறியில் வாங்கி, 0 இல்லை என்றால் 'நிரல் பெயர்க்கப்படவில்லை. மேலே உள்ள பிழையைப் பார்க்கவும்' என்று தமிழில் அச்சிட்டு, ஸ்கிரிப்டை அங்கேயே நிறுத்த வேண்டும். மொத்தம் மூன்று வரிகள். மேலே சொன்ன மாணவியின் அரை மணி நேரத்தை இந்த மூன்று வரிகள் காப்பாற்றியிருக்கும்.

பைத்தான் இல்லாமல் கட்டளை வரியிலேயே வேலை செய்பவர்கள், பெயர்க்கும் கட்டளைக்கும் இயக்கும் கட்டளைக்கும் நடுவில் && என்ற குறியை இட்டால் போதும். முதலாவது வென்றால் மட்டுமே இரண்டாவது நடக்கும்.

*மூன்றாம் படி: மாறக்கூடியவற்றை மேலே வை.* நிரல்பெயர்ப்பியின் பெயர், கோப்புறை, இயங்கு கோப்பின் பின்னொட்டு ஆகியவை ஸ்கிரிப்டின் நடுவில் அங்கங்கே கிடந்தால், வேறு கணினிக்குப் போனதும் வேலை நின்றுவிடும். சில ஆய்வகக் கணினிகளில் விண்டோஸ், சிலவற்றில் லினக்ஸ். விண்டோஸில் இயங்கு கோப்புக்குத் தனிப் பின்னொட்டு உண்டு. லினக்ஸில் தேவையில்லை, ஆனால் கோப்பின் பெயருக்கு முன் புள்ளியும் சாய்கோடும் இட்டு அழைக்க வேண்டும். எந்த இயக்க அமைப்பு என்று ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே ஒரு முறை கேட்டு, அதற்கேற்ற மதிப்புகளை மாறிகளில் வைத்துவிட்டால், கீழே உள்ள வரிகள் எதையும் தொட வேண்டியதில்லை.

*நான்காம் படி: ஒரு செயற்கூறுக்கு ஒரு வேலை.* பாடநூல் ஸ்கிரிப்டில் ஒரே செயற்கூறு பெயர்க்கவும் செய்கிறது, இயக்கவும் செய்கிறது. இதை 'பெயர்', 'இயக்கு', 'சரிபார்' என்று மூன்றாகப் பிரிக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பின் முதல் பாடமே செயற்கூறு பற்றியதுதான். அங்கே படித்தது இங்கே உண்மையான வேலைக்குப் பயன்படுகிறது. பிரிக்கும்போதே, கட்டளைத் துண்டுகளைக் கூட்டல் குறியால் ஒட்டுவதற்குப் பதிலாக, பைத்தானின் 'சப்பிராசஸ்' தொகுதிக்கு ஒரு பட்டியலாகக் கொடுக்கப் பழக்கலாம். கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால் ஒட்டிய கட்டளை உடைந்துவிடும், பட்டியல் உடையாது. இன்னொரு நன்மையும் உண்டு: இயக்க நேரத்துக்கு வரம்பு வைக்கலாம். ஐந்து விநாடி என்று சொல்லிவிட்டால், முடிவில்லா மடக்கு உள்ள நிரலை நிறுத்திவிட்டு ஸ்கிரிப்ட் திரும்பி வரும்.

*ஐந்தாம் படி: ஒரே பிரதி.* ஆய்வகக் கணினிகளைத் திறந்து பார்த்தால் 'புதியது', 'கடைசி', 'கடைசி 2' என்று ஒரே ஸ்கிரிப்டுக்குப் பல பிரதிகள் கிடக்கும். எது சரியானது என்று யாருக்கும் தெரியாது. எல்லாப் படிகளும் முடிந்த பிறகு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஒரு பழைய கோப்புறைக்கு மாற்றுங்கள். ஸ்கிரிப்டின் தலையில் மாற்றியவர் பெயர், தேதி, என்ன மாற்றம் என்று ஒரு குறிப்புரை எழுத வையுங்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவர்கள் அங்கிருந்து தொடங்குவார்கள்.

நம் மாவட்டத்துக் குடுமியான்மலையில் உள்ள இசைக் கல்வெட்டை மாணவர்கள் பார்த்திருப்பார்கள். ஸ்வர வரிசைகளைப் பாறையில் வெட்டி வைத்தது, வேறொருவர் அதே வரிசையில் மறுபடி இசைக்க வேண்டும் என்பதற்காகத்தான். ஸ்கிரிப்டும் அப்படித்தான். எழுதியவர் பக்கத்தில் இல்லாதபோதும் அது சரியாக நடக்க வேண்டும்.

சோதனைத் தரவு: எது நல்ல கேள்வி?

ஸ்கிரிப்ட் சீரானதும், விடையைச் சரிபார்க்கும் வேலையையும் அதனிடமே கொடுக்கலாம். 13-ஆவது பாடத்தில் சிஎஸ்வி கோப்புகளைப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறோம். ஒரு சிஎஸ்வி கோப்பில் ஒவ்வொரு வரியிலும் ஓர் உள்ளீட்டையும் அதற்கு வர வேண்டிய விடையையும் எழுதி வைத்தால், ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றாக எடுத்து நிரலுக்குக் கொடுத்து விடையை ஒப்பிடும்.

எந்த எண்களைச் சோதனைக்கு எடுப்பது என்பதில்தான் ஆசிரியரின் அனுபவம் பயன்படுகிறது. மேலே சொன்ன பிழையுள்ள நிரலுக்கு 123 கொடுத்தால் 'இல்லை' என்று சொல்லும்; அது சரியான விடை. 10 கொடுத்தாலும் 'இல்லை', சரி. 0 கொடுத்தால் 'ஆம்', அதுவும் சரி. இந்த மூன்றை மட்டும் சோதித்தால், தவறான நிரல் முழு மதிப்பெண் வாங்கிவிடும்! 121, 7, 1221 ஆகியவற்றைக் கொடுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். நாம் வினாத்தாள் தயாரிக்கும்போதும் இதே சிக்கல்தான். தெரியாதவரும் சரியாக எழுதிவிடக்கூடிய கேள்வி எதையும் அளக்காது.

ஒப்பிடும் முறையிலும் கவனம் வேண்டும். நிரல் 'எண்ணைத் தருக' என்று கேட்டு, பிறகு விடையை ஒரு வாக்கியமாக அச்சிடும். ஸ்கிரிப்ட் வழியாக உள்ளீடு கொடுக்கும்போது நாம் என்டர் விசையை அழுத்துவதில்லை என்பதால், கேள்வியும் விடையும் ஒரே வரியில் ஒட்டிக்கொண்டு வரும். சரி, வரியின் முடிவை மட்டும் பார்க்கலாம் என்றால், ஆங்கிலத்தில் 'பாலிண்ட்ரோம்' என்றும் 'நாட் பாலிண்ட்ரோம்' என்றும் எழுதிய இரண்டு விடைகளும் ஒரே சொல்லில்தான் முடிகின்றன. சோதனைக்கு என்று வரும்போது 1 அல்லது 0 என்று மட்டும் அச்சிடச் சொல்வது நல்லது.

தமிழாசிரியர்களையும் இந்த இடத்தில் அழைத்துக்கொள்ளலாம். எண்ணுக்குப் பதிலாக 'விகடகவி' என்ற சொல்லைக் கொடுங்கள். முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்கும் மாலைமாற்றுச் சொல் அது. நம் கணக்கில் 5 எழுத்து. பைத்தானில் நீளம் கேட்டால் 7 என்று சொல்லும். ஒருங்குறியில் 'வி' என்பது 'வ' என்ற குறியும் இகரக் கொக்கியும் சேர்ந்த இரண்டு குறிகள். அப்படியே திருப்பிப் போட்டால் கொக்கி முதலில் வந்து சொல் உடைந்துவிடும். நிரல் 'இல்லை' என்று சொல்லும். முத்து அண்ணாமலையும் பிறரும் உருவாக்கிய 'ஓப்பன் தமிழ்' என்னும் கட்டற்ற பைத்தான் நூலகத்தில், சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரிக்கும் செயற்கூறு இருக்கிறது. அந்த நூலகத்தின் மூலக் கோப்புகளுடன் சோதனைகளுக்கென்றே தனிக் கோப்புறை இருப்பதையும் மாணவர்களுக்குக் காட்டலாம். தமிழில் நிரல் எழுதுபவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே எப்படிச் சோதித்துக்கொள்கிறார்கள் என்பதை அங்கே பார்க்கலாம்.

நான்கு பாடவேளைத் திட்டம்

1. முதல் பாடவேளை: கணினி வேண்டாம். மூன்று மாணவர்களைப் 'பெயர்ப்பவர்', 'இயக்குபவர்', 'சரிபார்ப்பவர்' ஆக்கி, துண்டுச்சீட்டில் கட்டளைகளைக் கொடுங்கள். ஒரு சுற்றில் பெயர்ப்பவர் தோற்க வேண்டும். இயக்குபவர் மேசையில் கிடக்கும் பழைய சீட்டை எடுத்து வாசிக்க வேண்டும். என்ன தவறு நடந்தது என்று வகுப்பு சொல்லட்டும். இந்த விளையாட்டு நடுநிலை வகுப்புகளுக்கும் பொருந்தும். தொடக்க வகுப்பில் வாய்பாட்டை வைத்தே நடத்தலாம்.

2. இரண்டாம் பாடவேளை: பாடநூல் ஸ்கிரிப்டை அப்படியே இயக்குங்கள். சரியான நிரலை ஒரு முறை. பிறகு அரைப்புள்ளியை எடுத்துவிட்டு ஒரு முறை. பழைய விடை வருவதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். முதல் இரண்டு படிகளை அவர்களே சேர்க்கட்டும்.

3. மூன்றாம் பாடவேளை: மூன்றாவது, நான்காவது படிகள். இருவர் இருவராக வேலை செய்யட்டும். ஒருவர் மாற்ற, மற்றவர் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இயக்கிப் பார்க்க வேண்டும்.

4. நான்காம் பாடவேளை: சிஎஸ்வி சோதனைக் கோப்பு, பிறகு ஐந்தாம் படி. ஒரு குழு பிழையுள்ள நிரலைத் தயாரிக்க, இன்னொரு குழு அதைப் பிடிக்கும் உள்ளீடுகளைக் கண்டுபிடிக்க வேண்டும். குறைந்த உள்ளீடுகளில் பிடிக்கும் குழு வென்றது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பொதுத்தேர்வு விடைத்தாளிலும் செய்முறைத் தேர்விலும் பாடநூலில் உள்ளபடியே எழுத வேண்டும் என்பதை மாணவர்களிடம் வலியுறுத்துங்கள். சீரமைத்த ஸ்கிரிப்ட் ஆய்வகத்துக்கானது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த மாணவருக்குப் பாடநூல் வரிகள் இன்னும் நன்றாகப் புரிகின்றன. மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையும் குறைகிறது.

பிற பாட ஆசிரியர்களுக்கு

கணினி ஆசிரியர் அல்லாதவர்களும் ஒருவகையில் ஸ்கிரிப்டுகளை நம்பித்தான் இருக்கிறோம். மதிப்பெண் பட்டியலுக்கு யாரோ ஒருவர் போட்டுக்கொடுத்த எக்செல் சூத்திரத்தை ஆண்டுதோறும் நகல் எடுத்துப் பயன்படுத்துகிறோம். ஒரு வரி சேர்த்ததும் கூட்டுத்தொகை புதிய வரியையும் சேர்த்துக்கொண்டதா, அல்லது பழைய எல்லைக்குள்ளேயே நிற்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். விடை தெரிந்த ஒரு மாணவரின் மதிப்பெண்ணைப் போட்டுப் பார்ப்பதும் ஒரு சோதனைதான்.

சோதிக்கும் ஸ்கிரிப்டையே எப்படி நம்புவது என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. வேண்டுமென்றே தவறான நிரலைக் கொடுத்து, அது 'தவறு' என்று சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். எப்போதும் 'சரி' என்றே சொல்லும் சோதனையால் பயனில்லை. அடுத்த முறை ஆய்வகத்துக்குப் போகும்போது, நன்றாக ஓடும் ஒரு நிரலில் ஓர் அரைப்புள்ளியை எடுத்துவிட்டு உங்கள் ஸ்கிரிப்டை இயக்கிப் பாருங்கள். திரையின் கடைசி வரியில் பிழைச்செய்தி வந்தால் உங்கள் கருவி உண்மை பேசுகிறது. விடை வந்தால், சீரமைப்பை அன்றே தொடங்கிவிடலாம்.